சக்கரவர்த்திக்கு மரக்கறிச் சமையல்

எங்கள் திருமணம் ஒரு வைகாசி மாதம், மே இருபத்தொன்பதாம் திகதி நடந்தது. கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரம் துருக்கியரிடம் விழுந்ததும் மே இருபத்தொன்பதாம் திகதிதான். இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு வருடங்களுக்கு மேல் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பை உண்டாக்கியவன் நான். அதனால் முப்பத்து நான்கு வருடங்கள் என் மனைவிக்குத் திருமண நாள் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

நான் ஊரில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். லண்டனுக்கு வந்து எட்மண்டனில் குடியேறியபின் கிடைத்தது கடிதங்களைத் தரம் பிரிக்கும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நூலகத்துக்குப் போவேன். அங்கேதான் கிழக்கு ரோமர்களிடம் போய் மாட்டிக்கொண்டேன். ரோம் நகரம் கையை விட்டுப்போன பிறகும் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்துகொண்டு ஆயிரம் வருடம் தாங்களே ரோமர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். பிடிவாதக்காரர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களின் முக்கியமான நாட்களைச் சிறு காகிதத் துண்டுகளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

லண்டனுக்கு வந்தபின் முதல் தடவையாக எங்கள் திருமண நாள் வந்தது, கட்டியதிலிருந்து பதினாறாவது. எனக்கு அது அடியோடு மறந்துவிட்டது. மாலையில் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவி கூறைச்சேலை உடுத்துக்கொண்டு நின்றாள். அறக்குளா மீன் குழம்பு வாசம் படிவரைக்கும் வந்தது. நான் சேலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ?" என்று கேட்டாள்.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பையில் துண்டாக இருந்தது.

"ஓம், துக்க நாள்" என்றேன்.

அவளுடைய முகம் மாறியது. "ஆரின்ர துக்கம்?"

அப்போதாவது மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கிழக்கு ரோமரின் கடைசிச் சக்கரவர்த்தி நகர மதிலடியில் செத்த நாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் துணிவில்லை. "என்ர பேராசிரியர். போன வருசம் இதே நாள் மோசம் போயிட்டார்" என்றேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே. மீன் எல்லோ சமைச்சுப்போட்டன்."

அவள் உள்ளே போய்ப் பருத்திச் சேலைக்கு மாறி வந்தாள். மீன் குழம்பைச் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பூசணிக்காய் வெட்டத் தொடங்கினாள். திருமண நாளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் பூசணிக்காயைச் சாப்பிட்டேன்.

ஒரு பொய்யோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. அடுத்த வருடம் மே மாதம் பிறந்தவுடனேயே அவள் கேட்டாள்: "வாத்தியாரின்ர திவசத்துக்கு வாழைக்காய் வாங்கவேணும். எப்ப வருது?"

"இருபத்தொன்பது."

"போன வருசமும் இருபத்தொன்பது எல்லோ. திவசம் திதிப்படி மாறி வரவேணுமே?"

எங்கள் ஆட்களில் யாருக்கும் இறந்த நாள் இங்கிலிஷ் திகதியில் வராது. பஞ்சாங்கம் பார்த்துத்தான் நாளைக் கண்டுபிடிக்கவேண்டும். அவள் கேட்டது நியாயமான கேள்வி. "அவர் கிறிஸ்தவர்" என்றேன்.

சற்று யோசித்தாள். "அதுக்கென்ன, சாப்பாடு எல்லாருக்கும் சாப்பாடுதானே" என்று பாகற்காயையும் பட்டியலில் சேர்த்தாள்.

மூன்றாம் வருடம் படம் கேட்டாள். படம் இல்லாமல் யாருக்குப் படைப்பது என்பது அவளுடைய கவலை. நான் ஒரு நூதனசாலைக் கடையில் கடைசிச் சக்கரவர்த்தியின் படம் போட்ட அஞ்சலட்டை வாங்கி வைத்திருந்தேன். தாடி வைத்த, பெரிய கண்களுள்ள முகம். தலையில் முடி இருந்தது. நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, ஆயிரம் வருடத்து அரசின் முடியை நெற்றியோடு வெட்டி எறிந்தேன். முகத்தைச் சுற்றியிருந்த பொன்வட்டத்தையும் வெட்டினேன். காதடியில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

அவள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். "என்ன ஒரு ஒளி அந்த மனுசன்ர முகத்தில. படிச்ச ஆக்கள் எண்டால் இப்பிடித்தான்" என்றாள்.

பொய் சொன்ன குற்ற உணர்ச்சியில் நானும் அந்த நாளை உண்மையாகவே அனுட்டிக்கத் தொடங்கினேன். காலையில் தோய்ந்து, மத்தியானம் வரை தண்ணீர் மட்டும் குடித்தேன். அவள் வாழையிலையில் படைத்ததைப் பின்வளவில் காகத்துக்கு வைத்தேன். காகம் வராது, புறாதான் வரும். அன்றைக்கு மட்டும் தெருமுனைத் துருக்கிக் கடைக்குப் போகக்கூடாது என்றும் ஒரு விதி செய்தேன். மனைவி அதைக் காதில் போடவில்லை.

"அந்தாளோட உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவம் ஒண்டுமில்லை. இண்டைக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"இண்டைக்குத்தான் எனக்குக் கத்தரிக்காய் வேணும்."

போய் வாங்கிக்கொண்டு வந்தாள். பெரியவர் ஒருவருடைய நினைவு நாளுக்குச் சமைக்கிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து, ஒரு கட்டுக் கீரையைச் சும்மா கொடுத்தாராம். அன்றிலிருந்து வருடந்தோறும் சக்கரவர்த்தியின் திவசத்துக்குக் கீரை துருக்கிக் கடையிலிருந்து இலவசமாக வந்தது. பக்கத்து வீட்டுச் சைப்பிரஸ் கிரேக்கர் வடை சாப்பிட வருவார். தங்கள் நகரம் விழுந்த நாள் அன்றுதான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் ஏதோ புனிதர் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்.

"பாத்தீங்களோ, வாத்தியாரை வெள்ளைக்காரருக்கும் தெரிஞ்சிருக்கு" என்பாள் மனைவி.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லவேண்டும். மே பதினோராம் திகதி அந்த நகரத்தின் பிறந்தநாள். பழைய காலத்தில் தேரோட்ட மைதானத்தில் பெருவிழாவாகக் கொண்டாடினார்கள். நான் ஒவ்வொரு வருடமும் அன்று ஒரு துண்டு கேக் வாங்கி, நூலகப் படியில் தனியாக இருந்து சாப்பிட்டேன். இல்லாமல் போன ஒரு நகரத்துக்குக் கேக் வாங்கினேன். பதினெட்டு நாள் கழித்து என் மனைவி தன் திருமண நாளில் பாகற்காய் சமைத்தாள்.

எங்கள் திருமணத்தின் ஐம்பதாவது வருடம் வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் மகள் அங்கேயே ஒரு மண்டபம் எடுத்திருந்தாள். ஏப்ரலில் ஒருநாள் காலை அவள் தொலைபேசியில் கதைப்பதை அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஹோல் புக் பண்ணியாச்சு. ட்வென்ரி நைன்."

"அண்டைக்கு ஏலாது பிள்ளை. மற்றக் கிழமைக்கு மாத்து."

"உங்கட வெடிங் டே அண்டைக்குத்தானே. அந்த வாத்தியாருக்காகவோ? அப்பான்ர சொந்தக்காரர்கூட இல்லையே."

"அப்பிடிச் சொல்லாதை. அந்த மனுசன் இல்லாட்டில் அப்பா படிச்சிருக்கமாட்டார். நன்றி எண்டு ஒண்டு இருக்கெல்லோ. எனக்கு எந்த நாளெண்டால் என்ன."

அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. என் பொய்க்காக என் மகளோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் தொலைபேசியை அணைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறந்துபோனது, துண்டு, படம், கத்தரிக்கோல். கேக்கையும் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நகரம் விழுந்த காலத்தில் இருந்தது பழைய நாட்காட்டி, இன்றைய கணக்குப்படி அந்த நாள் ஜூன் ஏழாம் திகதிக்குத்தான் வரும், அதுவும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றும் சொன்னேன். திருத்தப்போனால் பொய் வெளிப்படும் என்று பயந்து பிழையான நாளிலேயே அவளைச் சமைக்க வைத்தேன்.

அவள் பருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப உங்கட வாத்தியார்?"

"மெல்பேர்ணில இருக்கிறார்."

"இருக்கிறார் எண்டால்?"

"உயிரோட. தொண்ணூறு தாண்டிட்டுது. வருசப்பிறப்புக்கு வாழ்த்து அட்டை அனுப்புறவர். நான் எடுத்து ஒளிச்சு வைக்கிறனான்."

அவள் கதிரையைப் பிடித்து இருந்தாள். சக்கரவர்த்தி அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நாட்காட்டியும் கேக்கும்கூட அப்போது படவில்லை. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு முப்பத்து நாலு வருசமா திவசம் குடுத்தனான்" என்று மெதுவாகச் சொன்னாள். "என்ர கையால. காகத்துக்கும் வைச்சு."

"புறாதான் சாப்பிட்டது."

"வாயை மூடுங்கோ. நம்பரைத் தாங்கோ."

மெல்பேர்ணில் அப்போது மாலை. பேராசிரியரே எடுத்தார். என் மனைவியின் குரலை அவர் கேட்டதே இல்லை.

"ஐயா, சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன் பிள்ளை. ஏன், ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"இல்லை ஐயா, சும்மா கேட்டனான். உடம்புக்கு ஒண்டும் இல்லையே?"

"பிறஷர்கூட இல்லை. வைகாசியில மட்டும் ஏனோ ஒரு கிழமை வயிறு பாரமா இருக்கும். டொக்ரருக்கும் விளங்கேல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று அவர் கேட்டதற்கு, இவ்வளவு காலமும் எடுத்துக் கதைக்காததற்கு என்றாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் சொல்லிய ஒரே பொய் அதுவாக இருக்கலாம். அதையும் என்னால்தான் சொன்னாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். விழா இருபத்தொன்பதாம் திகதியே நடக்கும். மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் நான் நடந்ததைச் சொல்லவேண்டும்.

சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முடி வெட்டிய இடத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். துருக்கிக் கடைக் கீரைக்கு மேசையில் தட்டினார்கள். மெல்பேர்ண் வந்தபோது ஒருவருக்குப் புரையேறியது. இறங்கி வந்த என்னை முதுகில் தட்டி, இப்படி ஒரு பேச்சு எந்த விழாவிலும் கேட்கவில்லை, நல்லாய்ச் சோடித்திருக்கிறீர்கள் என்றார்கள். குற்றம் சொல்லப்போனவனுக்குக் கைதட்டல் கிடைத்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ஆட்டிறைச்சிக் கறியை அவசரமில்லாமல், ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பின்னேரம் ரயிலில் திரும்பினோம். அவள் பட்டுச் சேலையோடு ஜன்னல் பக்கம் இருந்தாள். வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அந்த ராசாவுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"இல்லை. ரெண்டு தரம் கட்டினவர். ரெண்டு மனுசிமாரும் முன்னமே செத்திட்டினம்."

"அவையளின்ர கலியாண நாளை அவர் ஞாபகம் வைச்சிருந்தவரோ?"

"அதைப்பற்றி எழுதியிருக்கிறதை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை."

"எழுதியிருக்கமாட்டினம்" என்றாள்.

ரயில் இரண்டு ஸ்டேசன் தாண்டியது. "என்னை மன்னியும்" என்றேன். ஐம்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சேலைத் தலைப்பை மடியில் இழுத்து ஒழுங்குசெய்தாள்.

"அதை வீட்டுக்குப் போய்ப் பாப்பம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.