தணிகாசலம் சாரின் ராசி நம்பரும் திண்டிவனம் பிரிண்டரும்

புது மெஷினின் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும்... தெர்மாகோல், பிளாஸ்டிக், டோனர் எல்லாம் கலந்தது. முதல் தாள் வெளியே வரும்போது சூடாக இருக்கும். அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், யாரும் பார்க்கவில்லை என்றால் இப்போதும் வைப்பேன்.

2007 வாக்கில் இருக்கும். விழுப்புரத்தில் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் விற்று சர்வீஸும் செய்யும் கடையில் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. கடைக்குள்ளேயே இருந்தவரை வீட்டில் பிரச்சினை இல்லை. வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்ததும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. மயிலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் சொன்னார்.

"பொம்பளப் புள்ள ஸ்க்ரூ டிரைவர தூக்கிக்கினு ஊரு ஊரா பஸ் ஏறினா நாலு பேரு என்னா பேசுவான்? இந்த ஒரு மாசம் போ. சரியா வர்லன்னா நின்னுடணும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த மாதம் பார்த்துத்தான் திண்டிவனம் வேலை வந்தது. ஒரு விதைக் கம்பெனியின் கிளை ஆபீஸ். பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன், ஃபேக்ஸ் எல்லாம் ஒன்றிலேயே செய்யும் பெரிய மெஷின். அங்கிருந்த எட்டு கம்ப்யூட்டரையும் அதோடு நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும். நான் தனியாகப் போன முதல் வேலை.

மேனேஜர் தணிகாசலம் சார் ராகுகாலம் முடியும்வரை பெட்டியைத் தொடவே விடவில்லை. அப்புறம் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம்... பேப்பர் ட்ரே பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கேபிள் இழுத்து முடித்து, ஐபி அட்ரஸ் கொடுக்க உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர்கள் மெஷினைத் தேடி வருவதற்கான கதவு எண் மாதிரி அது. கடைசி நம்பரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சாரிடம் வாயை விட்டுத் தொலைத்தேன்.

"அப்ப நூத்தியெட்டு போடும்மா. கூட்டினா ஒம்போது. நம்ம ராசி நம்பரு."

போட்டேன். எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் டெஸ்ட் பேஜ் ஜோராக வந்தது. கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்தரை மணிக்குக் கடைக்கு போன். மெஷினைக் காணோமாம்! லைட் எரிகிறது, ஜெராக்ஸ் எடுக்கிறது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது இருப்பதே தெரியவில்லை. பஸ் பிடித்து ஓடினேன். நான் போய் ஆஃப் செய்து ஆன் செய்ததும் சமர்த்தாக வேலை செய்தது. அடுத்த நாளும் அதே கதை. கேபிளை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டேன். அதற்கடுத்த நாளும் போன் வந்தது.

"பேஜாரா போச்சும்மா," என்றார் கடை ஓனர் அண்ணன். "நாளைக்கும் இதே கம்ப்ளைன்ட்டுன்னா வேற ஆள அனுப்பிடறேன். நீ இங்கயே பில்லு போட்டுக்கினு இரு."

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே, ஆபீஸ் திறக்கும்போதே போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்குப் படுத்தது. டைப் அடிக்கும் விஜயா அக்கா என் காதருகே குனிந்தார்.

"நான் சொன்னன்னு சொல்லாத. சாரு வந்து உக்காந்தா இது படுத்துக்குது. அவரு ஃபீல்டுக்குப் போனா எழுந்துக்குது. அவரு கால் ராசி அப்புடி."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சாரோடு கூடவே உள்ளே வருவது எது? அவருடைய லேப்டாப்!

"சார், இதுல யாராவது நம்பர் மாத்துனாங்களா?"

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். நீ மெஷின் மாட்டிட்டுப் போன அன்னிக்கி சாயங்காலம் லேப்டாப் வித்தவரு வந்திருந்தாரு. நல்ல நம்பராச்சே, இதுக்கும் நூத்தியெட்டே இருக்கட்டும்னேன். ஸ்க்ரீன் மூலையில ஒரு மஞ்சப் பொட்டி வந்து வந்து நிக்குது. நான் மூடி மூடி வுட்டுர்றேன்."

ஒரே தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண். கம்ப்யூட்டர்கள் பாவம், எந்தக் கதவைத்தான் தட்டும்? பக்குவமாகச் சொன்னேன். அந்த மனுஷன் முகம் சின்னக் குழந்தை மாதிரி வாடிவிட்டது.

"லேப்டாப்புக்கு நூத்திப் பதினேழு போடறேன் சார். கூட்டிப் பாருங்க."

விரல் விட்டு எண்ணினார். "அட... ஒம்போது!"

அதோடு கம்ப்ளைன்ட் நின்றது.

அப்போது என்னிடம் செல்போன் இல்லை. அவசரத்துக்கென்று சாரிடம் வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்திருந்தேன். அந்த வாரக் கடைசியில், காலையில் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. அப்பா எடுத்தார். ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் போனில் பேசுவார்.

"யாருங்க? இன்ஜினியர் வூடா?"

கையில் சொம்போடு அப்படியே நின்றேன்.

"ஆமாங்க, இன்ஜினியர் வூடுதான். அவங்க குளிச்சிக்கினு இருக்காங்க. நான் அவங்க அப்பா பேசறேன்."

'அவங்க'ளாம். என்னை! அதுவரை என்னை 'வாடி, போடி' தவிர வேறு எப்படியும் சொல்லாத மனுஷன். தண்ணீரை மொண்டு முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர்கள் கம்பெனியின் விழுப்புரம் கிளைக்கும் என்னையே அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் சார் கூப்பிட்டாராம். அந்த ஒரு மாதக் கெடுவைப் பற்றி அப்பா அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். பிரிண்டர் தானே வைஃபையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது, யாரிடமும் நம்பர் கேட்பதில்லை. எங்கேயோ இருக்கிற மெஷினை வீட்டில் உட்கார்ந்தபடியே சரிசெய்கிறேன். வசதிதான், குறை சொல்லவில்லை. போனும் எப்போதும் என் கையிலேயே இருக்கிறது...

யார் கூப்பிட்டாலும் முதல் ரிங்கிலேயே நான்தான் எடுக்கிறேன். எனக்கு முன்னால் எடுத்துப் பேச அப்பா இல்லை.