என் நோயாளி அவளிடம் சொன்னது

இரண்டு அறைகளையும் இருவரும் சேர்ந்தே பார்த்தால் என்ன? என் நோயாளி இன்னொரு தாதியிடம் உண்மையைச் சொன்ன நொடியில்தான் இந்த யோசனை வந்தது. நல்லெண்ணத்தில் வரவில்லை, பொறாமையில் வந்தது.

எங்கள் வார்டில் தாதியர் பற்றாக்குறை. ஆளுக்கு ஓர் அறை, ஆறு படுக்கை. என் அறையில் ஊரிலிருந்து துவாஸ் கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வந்த தமிழர் ஒருவர் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். எழுந்து நடக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும். அவரோ அசையவே இல்லை.

மூன்று நாளாகக் கணினி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பள்ளிக்கூடத் தமிழில் கேட்டேன்: "வலி பத்துக்கு எவ்வளவு?"

"ஜீரோ, சிஸ்டர்."

பூஜ்ஜியம் என்று பதிந்தேன். 'நடக்க மறுக்கிறார்' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று தலையணை உறை எடுக்கப் பக்கத்து அறைத் தாதி வந்தாள். தஞ்சாவூர்க்காரி. என் வயதுதான், பதவியில் ஒரு படி கீழே. உறையைத் தேடியபடியே கேட்டாள்: "என்னண்ணே, இருமலை அடக்குறீங்க? எங்க புடிக்குது?"

"தையல்கிட்ட உயிரே போவுதும்மா. சொன்னா கம்பெனிக்கு எழுதி ஊருக்கு அனுப்பிருவாங்க."

"அட, வலியைக் கேக்குறது டாக்டர் மருந்து குடுக்கத்தாண்ணே!"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வலியைவிட, 'ஏன் என்னிடம் சொல்லவில்லை' என்பதுதான் முதலில் சுட்டது. வெட்கத்தோடுதான் மருத்துவரை அழைத்தேன்.

நடைக்கூடத்தில் அவள் சிரித்தாள். "நீ கேக்குறது போலீஸ்ல வாக்குமூலம் வாங்குற மாதிரி இருக்குப்பா."

"சிக்ஸ் பேஷண்ட் லா! எங்க டைம்?"

"என் ரூம்ல ஒரு மலாய்க்காரம்மா. நாலு நாளா நான் கேட்டா தலையை மட்டும் ஆட்டுறாங்க. உனக்கு மலாய் வருமே, வந்து பேசேன்."

அவளுக்கு வராதது ஒன்று எனக்கு வரும் என்பதில் அற்ப சந்தோஷம்.

மருந்து வேலை செய்தது. பிற்பகல் அவர் என் கையைப் பிடித்துக் கதவுவரை நடந்தார். அங்கே நின்று, "அந்த சிஸ்டர் இல்லையா?" என்று கேட்டார்! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இரண்டு அறைகளையும் சேர்ந்தே பார்க்கலாமா என்று இருவரும் தலைமைத் தாதியிடம் கேட்டுவிட்டோம். ஒரு வாரம் முயன்று பார்க்கச் சொன்னார். நாளைக் காலை பன்னிரண்டு படுக்கைக்கும் சேர்ந்தே போகிறோம். மலாய்க்காரம்மாவிடம் நான் பேசுவேன். துவாஸ்காரரிடம் அவள் பேசட்டும்; வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கப் பார்க்கிறேன்.