முழங்கால் உயரத்தில் ஒரு துளை

சமையலறைத் தொட்டியின் கீழே குழாய் சொட்டியது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு நாடா வெட்டி, இறுக்கி இறுக்கிச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டேன், சொட்டு நின்றது. டொரன்டோவில் மகளுடன் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடியைப் பராமரிப்பவரை எல்லோரும் ‘சூப்பர்’ என்றே அழைக்கிறார்கள். வேறொரு வேலையாக வந்தவர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, “ஹூ டிட் திஸ்?” என்று கேட்டார். பாராட்டுகிறார் என்றெண்ணி, “ஐ, சேர்” என்று மார்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தார். அதையும் மரியாதை என்றே கொண்டு தேநீர் வேண்டுமா என்று வினவினேன். நான்காம் நாள் கதவின் கீழ் ஒரு கடிதம் கிடந்தது. மகள் வாசித்துச் சொன்னாள்: குடியிருப்போர் எதனையும் தாமே பழுதுபார்த்தல் ஆகாது, அதனால் பிறருக்கு நேரும் தீங்குக்கு அவர்களே பொறுப்பு.

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அதே கிழமைதான் எங்கள் ஊரான தேற்றாத்தீவிலிருந்து என் தங்கை பூமணி அழைத்தாள். கணவனை இழந்தவள், எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கே தனியே இருக்கிறாள்.

“அண்ண, வாசக்கதவ மாத்தப் போறன். இரும்புக் கதவு. ஓம் எண்டு சொல்லுங்க.”

“கதவுக்கு என்ன?”

“கதவுக்கு ஒண்டுமில்ல, எனக்குத்தான். நேத்து மத்தியானம் சோறு வடிச்சிட்டு நிக்கன், நீங்க செஞ்ச தாழ்ப்பாள் தன்பாட்டுல எழும்பிச்சு. ஆரது எண்டு கேட்டன். சத்தமில்ல, திரும்ப விழுந்திச்சு. வெளிய வந்து பாத்தா ஒரு காகங்கூட இல்ல.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி தங்கம்மா கைப்பேசிக்கு முகத்தை நெருக்கினாள். “அவன்தான்,” என்றாள்.

அவன் என்று அவள் சொன்னது எங்கள் மகன் சுதனை. அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு மட்டுமா தெரியும் என்பதே என் வாழ்நாளின் எஞ்சிய கேள்வி.

கடல் ஊருக்குள் புகுந்த அந்தக் காலையில் எத்தனையோ கதவுகள் உடைந்து மிதந்தன. எனக்கு நினைவில் நிற்பதோ உடையாத கதவு ஒன்று. அதன் உள்ளே நடக்கமாட்டாத அயலவர் ஒருவர், இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மூன்று பேர் தோள் கொடுத்து இடித்தோம். இடுப்பளவு தண்ணீர் நெஞ்சளவானது. உள்ளேயிருந்து அவர் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

பின்னர் முகாமில் எங்களுக்குத் தந்த தகரக் கொட்டில்களின் கதவுகளுக்குத் தாழ்ப்பாளே இருக்கவில்லை. உடைந்த தோணியின் பலகைத் துண்டொன்றை ஒற்றை ஆணியில் சுழலவிட்டு, அது உட்புறக் கொக்கியில் விழுந்து கதவைப் பிடித்துக்கொள்ளுமாறு செய்தேன். அதில் கட்டிய, மீன்பிடிக்கும் தங்கூசி நூலை மேலே ஓர் ஆணியின்மீது செலுத்தி, முழங்கால் உயரத்தில் விரல் நுழையுமளவு துளையிட்டு, அதற்குள் நுனியை ஒளித்துவைத்தேன். துளைக்கு சைக்கிள் டியூபில் ஒரு மூடி. அறியாதவன் கண்ணுக்கு அது ஒட்டுப் போட்ட ஓட்டை. அறிந்தவன் குனிந்து, விரலை விட்டு நூலை இழுத்தால் பலகை எழும்பும்.

முகாமில் எல்லோரும் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள். பதினொரு கதவுகளுக்குச் செய்துகொடுத்தேன். எல்லாவற்றிலும் துளை அதே இடத்தில். கடல் மறுபடியும் வந்தால் எவரும் எவர் கதவையும் திறந்து உள்ளிருப்பவரை இழுத்தெடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். “இனி உங்கட கறிச்சட்டிக்கும் எங்கட கறிச்சட்டிக்கும் வித்தியாசமில்ல, அண்ணாச்சி!” என்று அடுத்த கொட்டில்காரன் கேலி செய்தான். வாவிப் பக்கமாகப் புதிய வீடுகள் கிடைத்தபோது எல்லோரும் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே பூட்டினார்கள். நான் அதில் பெருமையும் கொண்டேன்.

பிறகு எங்கள் கரைக்குப் போர் திரும்பி வந்தது. பட்டப்பகலில் தெருவில் போன பிள்ளைகள் வீடு சேரவில்லை. கொண்டுபோனவர் யார் என்று கேட்கும் வழக்கமும் மெல்ல ஒழிந்தது. இருபது வயது சுதனை நாங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். கிணற்றடிக்குப் போய் வந்தாலும் அவன் கதவைத் தட்டமாட்டான். குனிந்து நூலைத்தான் இழுப்பான். “தட்டினா ஆர் எண்டு கேப்பீங்க. பேரச் சொல்லணும். பேர் வெளிய கேக்கும்” என்பான்.

ஒருநாள் தங்கம்மா சொன்னாள்: “அந்த ஓட்டைய அடைச்சி விடுங்க.”

“கடல் வந்தா?”

“கடல் ஒருக்கா வந்திச்சு. இவங்க ஒவ்வொரு நாளும் வாறாங்க.”

நான் அடைக்கவில்லை. அயலவர் எங்கள் பெயர்களைக் கூப்பிட்ட குரல் என் காதில் இருந்தது.

ஒரு முற்பகல் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று மதியம் திரும்பினோம். கதவு திறந்து கிடந்தது. மரத்தில் ஒரு கீறலும் இல்லை. பலகை ஒழுங்காக எழுப்பி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, பிசைந்த சோறு பீங்கானில் காய்ந்துபோயிருந்தது. திறந்தவன் துளையைத் தேடித் திரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் அதே தாழ்ப்பாள் வைத்திருந்த எவரேனும் பயத்தினால் காட்டிக்கொடுத்தாரோ, அடித்துக் கேட்டு அறிந்தார்களோ, நான் அறியேன். எவரையும் குற்றம் சொன்னதும் இல்லை. இந்நாட்டில் பொறுப்பு இன்னாருடையது என்று தாளில் எழுதித் தருகிறார்கள். அங்கே எனக்கு எவரும் எழுதித் தரவில்லை.

போர் முடிந்தது என்று வானொலி சொன்னது. வடக்கிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் தங்கம்மா நின்று பார்த்தாள். பின்னர் மகள் எங்களை இங்கே எடுப்பித்துக்கொண்டாள். புறப்படும்போது கதவை மட்டும் மாற்ற வேண்டாம் என்று பூமணியிடம் சொல்லிவந்தோம். இப்போது அவளே மாற்ற வேண்டுமென்கிறாள்.

“அவன் வந்தா?” என்றாள் தங்கம்மா.

“தட்டுவான்.”

“அவன் தட்டமாட்டான் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். தன் மாமி பூமணியின் குரலைக் கேட்டபின் சுதன் ஓடியிருப்பானா என்பதும் எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. உயிரோடிருப்பது நிச்சயமான ஒருத்தி அந்தக் கதவுக்குப் பின்னால் தனியே சோறு வடிக்கிறாள். “போடு பூமணி,” என்றேன். அன்றிலிருந்து தங்கம்மா எனக்குத் தேநீர் தருகிறாள், மருந்து தருகிறாள், பேச்சுத் தருவதில்லை.

இரும்புக் கதவு பூட்டிச் சாம்பல்நிறப் பெயின்ற் அடித்த மறுநாள் பூமணி அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“அண்ண, பெயின்ற் காயல்ல. அதில விரல் இழுபட்ட அடையாளம் கிடக்கு. மூண்டு விரல். முழங்கால் உசரத்தில.”

தங்கம்மா என் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்தாள். “எந்தளவு விரல்? மெல்லிசா? நீட்டா?”

“விரலில பேரா எழுதியிருக்கு, மச்சாள்?”

அந்த அடையாளத்தின்மேல் மறுபூச்சுப் பூச வேண்டாம் என்று தங்கம்மா சொன்னாள். யார் வந்து நின்றாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். வாவிக்கரை வீட்டில் என் தங்கை இரண்டு சொல்லையும் காத்துவருகிறாள்.