பின்னால் கனமில்லாத சைக்கிள்

சைக்கிளில் இரண்டு விதமாக ஏறலாம். தனியாகப் போகிறவன் காலைப் பின்பக்கமாக வீசி ஏறுவான். கேரியரில் ஆள் உட்கார்ந்திருந்தால் அப்படி வீச முடியாது. காலை மடக்கி, முன்பக்கமாகக் கம்பியைத் தாண்டி வைக்க வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து நான் இரண்டாவது விதமாகத்தான் ஏறுகிறேன். இங்கிலாந்தில் மகள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த சைக்கிளிலும் அப்படித்தான் ஏறினேன். மருமகன் சிரித்துவிட்டார்.

"என்ன மாமா, பின்னாடி யாரை உக்கார வச்சிருக்கீக? அங்கன கேரியரே இல்லையே!"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். சீட்டுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது.

என் மகள் அங்கே நர்சாக வேலை பார்க்கிறாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். குமுளி போகிற வழியில், கூடலூருக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தல், இரண்டு மாடு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயில். இதுதான் என் உலகம். மகள் ஆசைப்பட்டுக் கூப்பிட்டாள் என்று போனேன். என் வீட்டம்மாவையும்தான் கூப்பிட்டாள். அவள் கிளம்பவில்லை.

"சினைமாட்டை விட்டுட்டு நான் எங்கிட்டு வாறது? நீங்க போயி மகளைப் பாத்துட்டு வாங்க. நல்லாக் குளிருமாம், குல்லாவை மறந்துராதீக."

மூன்று நாள் லீவு போட்டு மகளும் மருமகனும் என்னைக் கூட்டிப் போன பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிள்காரருக்கும் நடக்கிறவருக்கும் என்று விட்டுவிட்டார்களாம். எங்கள் பக்கம் அகலப்பாதை போடுவதற்காகப் போடி ரயிலின் பழைய தண்டவாளத்தைப் பிடுங்கியபோது, ரயில் திரும்ப எப்போது வரும் என்றுதான் எல்லாரும் கேட்டோம். அந்த வெறும் பாதையில் சைக்கிள் விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் வேலிச்செடி. அதற்கு அப்பால் புல்வெளியில் செம்மறி ஆடுகள். நடுவில் நாங்கள். லாரி இல்லை, பஸ் இல்லை, ஹாரன் இல்லை. என் சைக்கிள் சங்கிலி ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, முன்னப்பின்னத் தெரியாத எனக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பழைய குகைப்பாதைக்குள் நுழைந்தபோது மேலே இருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கருவறைக்குள் போன மாதிரி இருந்தது. இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு தள்ளிக்கொண்டே போனேன். "அப்பா, சில்லுனு இருக்கு, செருப்பைப் போடுங்க" என்று மகள் கத்தினாள். எனக்கு மனசு வரவில்லை.

முதல் நாள் மதியம் ஒரு வயதான தம்பதி எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரே சைக்கிள், இரண்டு சீட்டு, நாலு பெடல். முன்னால் அவர், பின்னால் அந்தம்மா. இருவரும் ஒன்றாக மிதித்தார்கள். அந்தம்மா ஏதோ சொல்ல, அவர் திரும்பாமலே சிரித்தார். அவர்கள் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பாதை ருசிக்கவில்லை. ருசிக்கவில்லை என்றால் தப்பு. ருசித்தது. ஆனால் ஒருத்தி வீட்டில் பசியோடு இருக்க, நான் மட்டும் விருந்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பழைய ஸ்டேஷன் ஒன்றை டீக்கடையாக்கி இருந்தார்கள். அங்கே உட்கார்ந்து ஊரில் இருந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சத்தமே கேக்கலையே. எங்கன இருக்கீக?" என்றாள்.

"ரோட்டுலதேன்."

"ரோட்டுலயா? பொய் சொல்லாதீக. ஒரு ஆரன் கூடக் கேக்கல. ரூம்புக்குள்ள படுத்துக்கிட்டு எனக்குப் பூச்சுத்துறீகளா?"

போனைத் திருப்பி வீடியோவில் பாதையைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்கு," என்றாள். "ஆனா நான் வந்திருந்தாலும் ஓரமா நடந்துதேன் வந்திருக்கணும். நீங்கதேன் சூடத்தை அணைச்சவுகளாச்சே."

அதைச் சொல்லிவிட்டு, மாடு கத்துகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

சூடம் அணைத்த கதையைச் சொல்ல வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எங்களுக்கு மொபெட் வாங்க வசதி வந்தது. வாங்க வேண்டாம் என்றவள் என் வீட்டம்மாதான். சைக்கிள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் என் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். முகத்துக்கு நேராகச் சொல்லாததை எல்லாம் முதுகுக்குச் சொல்லுவாள். ஒருநாள் சாயங்காலம் குமுளி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிவந்த ஜீப் ஒன்று ஒட்டி உரசிப் போனது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு உடைந்துபோனது.

மறுநாள் விடியும் முன்னே கோயிலுக்கு ஓடினேன். அம்மனுக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினேன். "ஆத்தா, இனி என் ஆயுசுக்கும் இவளைச் சைக்கிள்ல ஏத்த மாட்டேன்." எங்கள் பக்கம் பொதுவாக வாய்ச் சத்தியத்துக்கே பயப்படுவோம். சூடம் அணைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. நல்லது செய்தோம் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். கட்டுப்போட்ட கையோடு அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரைக் கேட்டுச் சத்தியம் பண்ணுனீக? விழுந்தது நானு. இனி ஏறலாமா வேண்டாமான்னு நானுல்ல சொல்லணும்?"

அன்றிலிருந்து பஸ், ஷேர் ஆட்டோ. முதுகுக்குச் சொன்ன கதைகள் எல்லாம் நின்றுபோயின. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். லோயர் கேம்ப்பில் இருந்து வருகிற வாய்க்கால் எங்கள் பந்தலை ஒட்டித்தான் போகிறது. அந்தக் கரை நெடுக மண்பாதை. மடை திறக்கிற ஆளைத் தவிர யாரும் வருவதில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பந்தல், எட்டத்தில் மலை. ஹாரன் இல்லை. தினமும் மிதித்த மண்ணுதான். அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன். இந்தக் கரையில் அவளை உட்கார வைத்து ஒரே ஒரு தடவை போய்வந்தால் போதும் என்று மனசு கிடந்து தவித்தது.

பூசாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"சூடத்தை அணைச்சுட்டு இப்ப வந்து கெஞ்சுனா ஆகுமாப்பா? நானும் அவுக்க முடியாது, நீயும் அவுக்க முடியாது. பூக்கட்டிக் கேளு. வெள்ளை வந்தா ஆத்தா விட்டுக் குடுத்துட்டான்னு அர்த்தம். சிவப்பு வந்தா, சத்தியம் சத்தியம்தேன்" என்றார்.

வெள்ளி காலை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை சொல்லாமல் செய்யவில்லை. வெள்ளை அரளி ஒரு இலைப்பொட்டலம், செவ்வரளி ஒரு இலைப்பொட்டலம். இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையிடம் ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வீடு கட்டப் பூக்கட்டிக் கேட்டபோதும், மகளை அவ்வளவு தூரம் அனுப்பக் கேட்டபோதும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

சிவப்பு.

தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். வயசான காலத்தில் சைக்கிளுக்காக அழுகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தா சரியாத்தேன் சொல்லியிருக்கா. என்னைக் கேக்காம வாக்கைக் குடுத்தீகள்ல? அனுபவிங்க."

"ஏத்தா, இங்கன வந்துமா குத்திக்காட்டுற?"

அவள் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது கேட்டாள்.

"மாட்டுக் கொட்டத்துல மகளோட பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கிடக்குல்ல? அதுக்குக் காத்து நிக்குமா?"

"எதுக்கு?"

"நான் ஓட்டக் கூடாதுன்னு நீங்க ஒண்ணும் சூடத்தை அணைக்கலையே?"

அரசாங்கம் மகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள் அது. இரண்டு டயரும் மாற்றினேன். தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரையில் பழக்கினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். "வளைக்காத, நேராப் பாரு" என்றால், "நீங்க ஆட்டுறதுலதேன் வளையுது, பாரத்தைப் பிடிக்கிற மாதிரியா பிடிக்கிறீக?" என்பாள். இரண்டு தடவை பந்தல்காலில் மோதினாள். ஒரு தடவை வாய்க்காலில் இறங்கியேவிட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இதுக்கும் ஓடிப்போயி ஒரு சூடத்தை ஏத்திறாதீக" என்றாள்.

இப்போது தானாக ஏறி, அடுத்த மடை வரைக்கும் போய், இறங்கித் திருப்பிக்கொண்டு வருகிறாள். போன வாரம் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். அவள் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் காலை மடக்கி முன்பக்கமாகக் கம்பியைத் தாண்டி ஏறினேன்.

"பின்னாடி யாரு இருக்காகன்னு காலை இப்பிடி மடக்குறீக?" என்றாள்.

நான் மணியை ஒரு தடவை அடித்தேன். முந்தானையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். மடைக்கு முன்னால் சின்ன ஏற்றம் ஒன்று உண்டு. அவள் எழுந்து நின்று மிதித்து ஏறினாள். எதையோ பேசிக்கொண்டேதான் போனாள். காற்றில் எனக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஆத்தாளை நினைத்துக்கொண்டு நானும் மிதித்தேன். அந்த ஏற்றத்தில் என் சைக்கிள் லேசாக ஏறியது.