அரைச் சாண் இறங்கிய ஆணி

குச்சியக்கா என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. கடற்கரை அலுவலகத்தின் அளவுக்காரி. மாதம் தவறாமல், நீர் வற்றும் நேரம் பார்த்து, தன்னைவிட உயரமான அளவுக் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கிவிடுவாள். மழையாவது, காய்ச்சலாவது! பத்தொன்பது வருஷத்தில் ஒரு மாதம்கூட விட்டதில்லை. பிள்ளை பெற்ற மாதம்? அப்போதும் புருஷன் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டு, மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அளவை எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு பிடிவாதம்.

படகுத்துறைக் கட்டடச் சுவரில் ஒரு பித்தளை ஆணி உண்டு. மணல் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பதையெல்லாம் அந்த ஆணியிலிருந்துதான் அளப்பாள். அந்த அளவுகளை வைத்துத்தான் அலுவலகம் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டது. கடல் உயர உயர, ஐம்பது வருஷத்தில் கரை அந்தக் கோடுவரை வந்துவிடும். ஊர்ப் பக்கம் வீடு கட்டலாம், கடல் பக்கம் கூடாது. "எங்கக்கா அளந்தது, தப்பாது" என்று தங்கை அந்தக் கோட்டுக்கு அருகிலேயே ஊர்ப் பக்கத்தில் வீடு கட்டினாள்.

போன மாதம் செயற்கைக்கோள் மூலம் உயரம் காட்டும் புதுக் கருவி வந்தது. அக்கா ஆசையாக முதலில் ஆணியைத்தான் அளந்தாள். ஆணி அரைச் சாண் கீழே இருந்தது! கட்டடமே மெல்ல அமிழ்ந்திருக்கிறது. ஊரையே அளந்தவள் ஆணியை அளக்கவில்லை. அதனால் மணல் நிஜத்தைவிட உயரமாகக் கணக்கில் ஏறியிருந்தது. அரைச் சாண்தானே என்பீர்கள். அந்தத் தட்டையான கரையில் அது கோட்டை முப்பது மீட்டர் ஊருக்குள் இழுத்தது. தங்கை வீடு கடல் பக்கம் போயிற்று. அக்கா புதுக் கணக்கை எடுத்துக்கொண்டு அலுவலக அதிகாரியிடம் ஓடினாள்.

"யாருக்கும் தெரியாதும்மா," என்றார் அதிகாரி. "அடுத்த வருஷம் சத்தமில்லாம திருத்திக்கலாம். உங்க பேரும் கெடாது."

"என் பேரைக் காப்பாத்தி என்ன சார் பண்றது? அதுக்குள்ள இன்னும் எத்தனை பேர் வீடு கட்டுவாங்களோ!"

அன்று மாலையே தங்கை வாசலில் போய் நின்று, நடந்ததைச் சொன்னாள். "தப்பு என்னோடதுடி."

"நீ அளந்த கோடுன்னுதானேக்கா கட்டினேன்!" கதவைப் படாரென்று சாத்தினாள் தங்கை. ஒன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா சமையலறையில் நின்று அழுதாள்.

பத்தாம் நாள் ஊர்க்கூட்டம். புதுக் கோட்டுக்கு ஊர் சம்மதித்தால், கடல் பக்கம் விழுந்த பதினாலு வீட்டுக்கும் மேட்டில் மாற்று இடம் உண்டு. சம்மதிக்காவிட்டால் பழைய கோடுதான். அக்கா எழுந்து எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"பத்தொன்பது வருஷம் தப்பா அளந்தவங்க, இன்னிக்கு மட்டும் சரியா அளந்துட்டீங்களாக்கும்?" என்றார் கரையோரம் விடுதி நடத்தும் விடுதிக்காரர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பின்வரிசையிலிருந்து தங்கை எழுந்தாள்.

"எங்கக்கா வாயைத் திறக்காம இருந்திருந்தா என் வீடு இன்னிக்கும் காகிதத்துல பத்திரமா இருந்திருக்கும். கூடப் பொறந்தவ வீட்டையே கடல் பக்கம் தள்ளிக் கோடு போட்டிருக்கா. இதைவிட என்ன சாட்சி வேணும்? கையைத் தூக்குங்க!"

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. விடுதிக்காரர் கையும்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் ஓடினாள்.

"கிட்ட வராத," என்றாள் தங்கை. "ஊர்கிட்டதான் பேசினேன். உன்கிட்ட நான் இன்னும் பேசல."