அம்மாவைக் கழுதையாக்கிய ஆட்டம்

சீட்டுக்கட்டை நினைத்தால் எனக்கு முகப் பவுடர் வாசனைதான் வருகிறது. மே மாத வியர்வையில் சீட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன என்று, பீர்க்கன்கரணை வீட்டில் அப்பா அவற்றின் மேல் பவுடரைத் தட்டித்தான் கலைப்பார். ஞாயிறு மதியம் பொழிச்சலூரிலிருந்து சித்தப்பா வந்துவிடுவார். அப்பா, அவரை அடுத்து அம்மா, அடுத்து சித்தப்பா என்று உட்கார்ந்து "கழுதை" ஆடுவார்கள். பதினோரு வயது மகளான நான் அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

ஒருவர் ஸ்பேடு இறக்கினால் எல்லோரும் ஸ்பேடுதான் போட வேண்டும். ஸ்பேடு இல்லாதவர் வேறு சீட்டால் "வெட்டு"வார். அதுவரை பெரிய ஸ்பேடு போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை சீட்டோடு மாட்டிக்கொண்டவர் மூன்று முறை கழுதைபோலக் கத்த வேண்டும். அந்தக் கோடை முழுக்கக் கத்தியது அம்மாதான். தினமும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே அரசு அலுவலகத்துக்குப் போய்வருகிற அம்மா, மைத்துனர் எதிரில் சிரித்துக்கொண்டே கத்துவாள். நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன்.

அந்த மாதம் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு விண்ணப்பத்தை அம்மா வாங்கி வந்திருந்தாள். "நாலு சீட்டு ஞாபகம் வெச்சிக்க முடியல, நீ எங்க எக்ஸாம் எழுதப் போற?" என்றார் அப்பா, சீட்டைக் கலைத்தபடியே. "அண்ணிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் சித்தப்பா. அம்மா விண்ணப்பத்தை அலமாரித் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கடைசித் தேதியும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கப் போயிருந்தது. ஆட்டத்தின் நடுவே அவர் விரல் மூக்கின் மேல் போய், இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டது. உடனே அப்பா சின்ன ஸ்பேடு ஒன்றை இறக்கினார். அம்மா கையிலிருந்த ஒரே ஸ்பேடான ராஜாவைப் போட, சித்தப்பா வெட்டினார். எனக்கு உறைத்தது. கண்ணாடியை ஏற்றினால் ஸ்பேடு தீர்ந்தது, காதைத் தொட்டால் "ஆட்டின்" என்கிற இதயச் சீட்டு தீர்ந்தது. எத்தனை ஞாயிறுகளாக அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

"ரெண்டு பேரும் சிக்னல் குடுத்து அம்மாவ ஏமாத்துறீங்க" என்று கத்தினேன். "வெளையாட்டுல இதெல்லாம் சகஜம்" என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். அம்மா சீட்டைக் கீழே வைத்து, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் அவள் சீட்டைத் தொடவே இல்லை. தேர்வு விண்ணப்பமும் வாங்கவில்லை.

இப்போது சித்தப்பா இல்லை, ஞாயிறு ஆட்டமும் இல்லை. அம்மாவுக்குக் கீழே வேலை பழகியவர்களெல்லாம் அவளுக்கு மேலதிகாரிகளாகிவிட, அவள் சேர்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றாள். அப்பா கைப்பேசியில் முகம் தெரியாதவர்களோடு ரம்மி ஆடுகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரு கூட்டு சேந்து என்னை ஏமாத்துறானுங்கமா. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

"அம்மாவைக் கேளுங்க" என்றேன். அம்மா அவர் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்கவில்லை.