இருபத்தொன்றாம் கேள்வி

போர்த்துக்கேயரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான். அவர்கள் ஒருகாலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததற்குப் பழிவாங்கிவிட்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். எனக்கு அப்படி ஓர் எண்ணமே இருக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் கெடுத்தேன்.

எண்பத்தைந்தில் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடித் தொகுதியில் பதினான்காம் மாடி. நான், கணவர், மூன்று வயது மகள். ஊரில் நாங்கள் இருவரும் பட்டதாரி ஆசிரியர்கள்; அவர் கணிதம், நான் சமூகக்கல்வி. இங்கே அவர் காலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவினார். அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைத் துப்புரவாக்கப் போவேன்.

என்னோடு மொப் பிடித்த ஐந்து பேரும் போர்த்துக்கேயப் பெண்கள், போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுக்காரர். வாய் ஓயாதவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆகவே ஒன்றரை வருடத்தில் நான் அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டேன். கதிரை, மேசை, அலுமாரி என்று அவர்கள் எங்கள் தமிழில் விட்டுப்போன சொற்கள் எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருந்ததால் தொடக்கம் சுகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் 'போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த காரணங்கள் ஐந்து தருக' என்று கேள்வி போட்டவள் நான். கறுவா என்றும் மதம் என்றும் பிள்ளைகள் எழுதுவார்கள். இந்த ஐந்து பேரும் கனடா வந்ததற்கு அதில் ஒன்றுகூடக் காரணமில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு மேசையில் ஒருத்தி இருந்தாள். லிஸ்பனில் இருந்து கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வந்தவள், என் வயதுதான் இருக்கும். எந்த நேரமும் அப்பிள் கடித்துக்கொண்டு தாள்களோடு சண்டை பிடிப்பாள். நான் எங்கள் பெண்களோடு போர்த்துக்கேயத்தில் வாயடிப்பதை ஒருநாள் கேட்டுவிட்டு மொப்பும் கையுமாக நின்ற என்னை மறித்தாள். அவளுடைய ஆராய்ச்சி, இந்த நகரத்துப் போர்த்துக்கேயக் குடும்பங்களின் வாழ்க்கை, வேலை, பிள்ளைகளின் படிப்பு பற்றியது. அந்தப் பிள்ளைகள் பலர் பதினாறு வயதானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பள்ளிக்கூடக்காரர் சொல்ல, அது உண்மையா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப் புறப்பட்டிருந்தாள்.

ஆனால் வீடுகளில் அவளுக்கு மரியாதை கிடைத்ததே தவிர பதில் கிடைக்கவில்லை. லிஸ்பனில் இருந்து படித்தவள் வந்திருக்கிறாள் என்று மேல்வீட்டு முன்னறையில் இருத்தி, சின்னக் கிளாசில் இனிப்பு வைன் கொடுத்து, விருந்தாளிக்கேற்ற பதிலாகப் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதோடு, ஒரு வீட்டில் சொன்னது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு.

அவள் சொன்னது ஆங்கிலத்தில். என் மனதில் நிற்பது எங்கள் தமிழில்.

"உங்களுக்கு அந்தத் தெருவிலை கதை காவ ஒரு மச்சாள்கூட இல்லை. உங்களைப் போலை ஆள்தான் எனக்கு வேணும்."

மகளைப் பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரி ஒருவர் பார்த்துக்கொள்ள, கிழமையில் மூன்று நாள் காலையில் அந்த வேலை. கனடாவில் என் கையில் முதன்முதல் பேனையைக் கொடுத்த வேலை. ஒரு சின்னப் பையும் அட்டையில் கிளிப் போட்ட கேள்வித்தாள்களும் தந்தாள். அவள் விதித்த கட்டளையும் ஒன்றுதான்: கேள்வியை வாசி, பதிலுக்குரிய கட்டத்தில் சரி போடு, வேறு கதை பேசாதே, தலையைக்கூட ஆட்டாதே. இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

ஸ்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியில் மேற்கே போய் இறங்கினால் போர்த்துக்கேயர் குடியிருக்கும் தெருக்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மாதாவின் படம் பதித்த ஓடு, பின்வளவில் திராட்சைப் பந்தல். மேல்வீட்டில் மினுக்கிய குசினி ஒன்று இருக்கும். அதில் சமைக்கமாட்டார்கள், அது பார்க்க மட்டும். உண்மையான குசினி நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் இருந்தது. என்னை ஒருவரும் மேலே இருத்தவில்லை. சப்பாத்தைக் கழற்றியதும் நேரே கீழே கூட்டிக்கொண்டு போய், கோப்பி ஊற்றித் தந்து, வேலை, குனிந்து குனிந்து வந்த நாரி நோ, மாமியார் எல்லாவற்றையும் கொட்டினார்கள். நான் வடிவாகச் சரி போட்டுக்கொண்டே போனேன். இருபதாம் கேள்விவரை ஒரு பிழையும் இல்லை.

இருபத்தொன்றாம் கேள்வி, 'இந்தப் பிள்ளை எவ்வளவு படிக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?' பக்கத்தில் ஐந்து கட்டங்கள். முதலாவது கிறேட் எட்டு, கடைசி பல்கலைக்கழகம். கீழே 'ஏன்?' என்று கேட்டு இரண்டு வரிக்கு இடம்.

முதல் வீட்டுக்காரி ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். தடித்த, சிரித்த முகம். அவளுடைய மகளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு. கெட்டிக்காரி என்று ரீச்சர் சொன்னதாகத் தானே பெருமையாகச் சொல்லியிருந்தாள். கேள்வியைக் கேட்டதும், உள்ளிப்பூடு உரித்தபடி, "பத்தாம் வகுப்புக் காணும்," என்றாள்.

என் கை அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. ஐந்து வருடம் விடைத்தாள் திருத்திய கை அது. பிழையான விடைக்குச் சரி போட்டுப் பழக்கமில்லை.

"பத்தோ? ஒருக்கா வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் யாழ்ப்பாணத்து வாத்திச்சியா? படிப்புத்தான் ஒருவரும் பறிக்க முடியாத சொத்து என்று தொடங்கி, பெண்பிள்ளை சொந்தக் காலில் நிற்பது, ரியூசன், லைப்ரரி, விடியற்காலையில் எழும்பிப் படிப்பதால் வரும் நன்மைகள் வரைக்கும் அரை மணித்தியாலம் அரைகுறைப் போர்த்துக்கேயத்தில் பிரசங்கம் வைத்தேன். கோப்பி ஆறிப் பச்சைத்தண்ணீராகிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, யூனிவர்சிற்றி எண்டு போடு," என்றாள். 'ஏன்?' என்பதற்கு, படிப்பு நல்லது என்று எழுதச் சொன்னாள். மனம் குளிர்ந்து, பெரிய சரியாகப் போட்டேன்.

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதைதான். போகப்போகப் பிரசங்கம் சுருங்கியது. நாலு வசனத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். சில வீடுகளில் கேள்வியை வாசித்து முடிக்கவே விடவில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தெருவையே திருத்திவிட்ட பெருமையில் ஸ்ரீட்காரில் எனக்குள்ளே சிரித்துக்கொண்டு போன நாட்களும் உண்டு.

தாள்கள் எல்லாம் முடிந்து ஒரு கிழமையில் லிஸ்பன்காரி என்னை மேசைக்குக் கூப்பிட்டாள். ஒரு பெட்டி நிறைய முட்டைப் பேஸ்ரி வாங்கி வைத்திருந்தாள். கண் இரண்டும் மின்னின.

"நாலாம் வகுப்புத் தாண்டாத தாய்மார்! எல்லாரும் யூனிவர்சிற்றி எண்டு சொல்லியிருக்கினம். எங்கடை ஆக்களுக்குப் படிப்பிலை அக்கறை இல்லையெண்டு இனி ஆர் சொல்லுறது? அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை பேராசிரியர்மாருக்கு முன்னாலை இந்த அத்தியாயத்தை வாசிக்கப்போறன். எல்லாம் உங்களாலைதான்."

எல்லாம் என்னால்தான். கையிலெடுத்த பேஸ்ரியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மனிதர் கணித வாத்தியாகிவிட்டார்.

"இஞ்சை பாரும், சோதனை மண்டபத்திலை வாத்தியே பிள்ளையளுக்கு விடை சொல்லிக் குடுத்துப்போட்டு, பேந்து எல்லாரும் பாஸ் எண்டு வெடி கொளுத்தின மாதிரியெல்லோ இருக்கு உது."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் அப்படிச் செய்த ஓர் ஆசிரியரோடு நான் ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவள்.

"சொன்னால் வேலை போயிடுமப்பா," என்றேன்.

"ஓம், போகும். சொல்லாட்டி அந்த லிஸ்பன் பிள்ளையின்ரை ஆராய்ச்சி போகும்."

வேலை போவதைவிட, பேனையை வாங்கிக்கொண்டு திரும்ப மொப்பை மட்டும் கையில் தருவார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய குப்பைக்கூடையை வெறுமையாக்கப் போன இடத்தில், கூடையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பிளை மேசையில் வைத்தாள். "எத்தனை வீட்டிலை?"

"எல்லா வீட்டிலையும்."

எழும்பி யன்னலடிக்குப் போய், போர்த்துக்கேயத்தில் சில வார்த்தைகள் சொன்னாள். அவற்றை எங்கள் துப்புரவுப் பெண்கள் எனக்கு முதல் மாதமே பழக்கியிருந்தார்கள். நான் கூடையோடு நின்றேன். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் கிடக்கு. ஒரு வீடு விடாமல் போங்கோ. அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேளுங்கோ. வாய் மட்டுமில்லை, உங்கடை முகமும் ஒண்டும் சொல்லக்கூடாது."

மறுநாள் காலை முதல் வீட்டுக்குப் போனேன். பேஸ்மென்ற் குசினியில் உப்பு மீன் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் கருவாட்டு மணம். அவளுக்கு என்னைக் கண்டு சந்தோசம். நான் சுவரைப் பார்த்தபடி இருபத்தொன்றாம் கேள்வியை வாசித்தேன்.

"இந்தமுறை என்ன சொல்ல வேணும்?" என்று கேட்டாள்.

"உங்கடை மனசிலை உள்ளதைச் சொல்லுங்கோ."

"அப்ப பத்து."

பத்து என்ற கட்டத்தில் சரி போட்டேன். 'ஏன்?' என்று கேட்டேன். இந்தமுறை அவள் சொல்லச் சொல்ல இரண்டு வரியில் இடம் காணாமல் தாளின் விளிம்பெல்லாம் எழுதினேன். தீவில் அவளுடைய தகப்பன் ஆயுள் முழுக்க இன்னொருவனுடைய காணியில், இன்னொருவனுடைய வீட்டில் இருந்து செத்தவர். இந்த வீடு சொந்த வீடு. பிள்ளைகளும் வேலைக்குப் போனால்தான் அது கையை விட்டுப் போகாது. பள்ளிக்கூடம் தன் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தந்ததில்லை, இந்தச் சுவர் தந்திருக்கிறது என்று சுவரில் தட்டிக் காட்டினாள். அக்கறை இல்லாத தாயின் பேச்சு அல்ல அது.

பேனையை மூடினேன். கட்டளையை மீறி இன்னும் ஒன்று கேட்டேன்.

"அப்ப அண்டைக்கு ஏன் யூனிவர்சிற்றி எண்டனீங்கள்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து இருந்தாள். தங்களிலும் இளையவளை அவர்கள் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள், எங்களைப் போலவே.

"நீ அண்டைக்கு அழுதுபோடுவாய் போலை இருந்துது, பிள்ளை. குளிருக்குள்ளை மெல்லிய கோட்டோடை நடந்து வந்து, படிப்புப் படிப்பு எண்டு நிண்டாய். ஒரு கட்டத்திலை சரி போட்டால் உனக்கு மனம் ஆறுமெண்டால் எனக்கென்ன குறையப்போகுது? பக்கத்து வீட்டுக்காரியளுக்கும் சொல்லிவிட்டனான். அந்தப் பிள்ளை வந்தால் யூனிவர்சிற்றி எண்டு சொல்லுங்கோ, பாவம் எண்டு."

நான் திருத்தியதாக நினைத்த தெரு முழுவதும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை.

"நீ எவ்வளவு படிச்சனி?" என்று கேட்டாள்.

"யூனிவர்சிற்றி."

"புருசன்?"

"அவரும்."

நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இனிப்புப் பாணில் ஒரு பெரிய துண்டு வெட்டி என் முன்னால் வைத்தாள். பிறகு என் அட்டையில் இருந்து ஒரு வெறும் தாளை உருவி, "உன்ரை மகள் எவ்வளவு படிக்க வேணும்?" என்றாள்.

இருபத்தொன்றாம் கேள்விக்கு முதன்முறையாக எனக்குப் பேச்சு இல்லாமல் போயிற்று. அவள் என் பேனையை வாங்கி, எழுதிப் பழகாத கையால், கட்டங்களில் கடைசியை எண்ணிப் பிடித்து, பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி ஒன்று போட்டாள்.

"இந்தா, உன்ரையும் முடிஞ்சுது. சாப்பிடு."

வெள்ளிக்கிழமை லிஸ்பன்காரி வாசித்தது வேறு அத்தியாயம். சொந்த வீட்டின் அருமையைப் பற்றியது. விளிம்புகளில் நான் நெருக்கி எழுதியதெல்லாம் அதில் இருந்தது. பேராசிரியர்மார் கேள்விமேல் கேள்வி கேட்டார்களாம். நல்ல சகுனம் என்று சந்தோசமாகச் சொன்னாள். என் பேனையை அவள் பறிக்கவில்லை. அடுத்த வருடமும் வேலை தந்தாள். ஆனால் தன் மேசைக்கு மேலே 'ஆசிரியர்மாரைக் கேள்வி கேட்க அனுப்பக்கூடாது' என்று ஒட்டிவைத்து, நான் குப்பை எடுக்கப் போகும்போதெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பாள்.

மேலதிகமாக வந்த, என் மகளுக்காகப் புள்ளடி போட்ட அந்த ஒரு தாளை மட்டும் என்னிடமே திருப்பித் தந்தாள். இன்னும் வைத்திருக்கிறேன். மகள் பல்கலைக்கழகமும் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். கடைசிக் கட்டத்தில் கோட்டைத் தாண்டி நிற்கிறது அந்தப் புள்ளடி. அதன் கீழே 'ஏன்?' என்று கேட்டு இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறது. அதை மட்டும் நான் இன்னும் நிரப்பவில்லை.